எண்களும் அவற்றின் இருக்கைகளும்

வன்னிப் பெருநிலத்தின் ஊர்ப்பெயர்களிற் பல குளத்தையும் மடுவையும் மரத்தையும் கொண்டு அமைந்தவை. இரணைமடு, வவுனிக்குளம், புளியங்குளம், மாங்குளம் என்னும் பெயர்களைக் கேட்ட அளவிலேயே, நீரும் நிழலும் கூடிய இடங்களே அங்கு ஊர்களாயின என்பது புலப்படும். ஆயினும் அந்நிலத்தில் வேறொரு வகைப் பெயர்களும் உள. இருபதாம் நூற்றாண்டில் இரணைமடு நீரை நம்பிக் கிளிநொச்சிப் பகுதியிற் குடியேற்றங்கள் எழுந்தபோது, வாய்க்கால்களும் காணிகளும் எண்ணிட்டுப் பகுக்கப்பட்டன. அவ்வெண்கள் நாளடைவில் ஊர்ப்பெயர்களாகவே நிலைத்துவிட்டன. உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்பன இடங்களின் பெயர்கள். கண்டி வீதியிலே, கிளிநொச்சியில், 155ஆம் கட்டை என்றால் பேருந்து நடத்துநர் மேலும் வினவுவதில்லை.

நேயர்களே, இவ்விரு வகைப் பெயர்களையும் சற்றே ஊன்றி நோக்குவோமாயின், எண்ணும் முறையில் இவை ஒன்றற்கொன்று மாறுபட்டவை என்பது தெரியவரும். கட்டை என்பது மைல்கல். கண்டியிலிருந்து 155 மைல் கடந்த இடத்தில் அது நிற்கிறது. ஆதலின் வீதி தொடங்கும் இடத்துக்கு உரிய எண் பூச்சியம். வாய்க்காலோ அவ்வாறன்று. முதலாவதாக வரும் வாய்க்கால் ஒன்றாம் வாய்க்கால். பூச்சியம் வாய்க்கால் என்று எவரும் கூறார். முன்னது எவ்வளவு கடந்தோம் என்பதைச் சொல்லும் எண். பின்னது எத்தனையாவதில் நிற்கிறோம் என்பதைச் சொல்லும் எண். பிள்ளைக்கு நான்கு வயது முடிந்து ஐந்தாவது நடக்கிறது என்று தாய்மார் கூறும் ஒரே வாக்கியத்தில் இவ்விரண்டும் அடங்கியுள்ளன. அந்தியேட்டிக் கிரியையை முப்பத்தோராம் நாளிற் செய்கிறோம். இறந்த நாளையும் ஒன்றாக வைத்து எண்ணுவதால் அது முப்பத்தொன்று. உண்மையிற் கடந்த நாள்கள் முப்பதே. இவற்றை நாம் பேச்சிலே மயங்காது கையாளுகிறோம். கணினிக்குக் கட்டளை எழுதுவோர் மயங்குகின்றனர். அம்மயக்கத்தின் வரலாற்றையும், அதனாற் கணக்கிலே நேரும் பிழைகளையும், அப்பிழைகள் வன்னி போன்றதொரு நிலத்தின் மக்களை எவ்வாறு மறைத்துவிடக்கூடும் என்பதையும் இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிக்கொள்வோம். ஒரே வகையான எண்களை வரிசைப்பட நிறுத்தி, முழுவதற்கும் ஒரு பெயரும், ஒவ்வொன்றுக்கும் ஓர் இருக்கை எண்ணும் கொடுத்தால், அத்தொகுதியைக் கணினிநூலார் அணி என்பர். இருக்கை எண்ணைச் சுட்டெண் என்பர். கச்சேரிப் பதிவேட்டில் மாவட்டங்களைக் கிடையாக நிரைகளிலும், ஆண்டுகளை நெடுக்காக நிரல்களிலும் எழுதிய அட்டவணையும் ஓர் அணியே. ஆகவே, அணியைப்பற்றி ஒருவன் அறிந்திருக்க வேண்டியவை இரண்டு. கட்டத்துக்குள் எவ்வகை எண் அடங்கும் என்பது ஒன்று. அக்கட்டத்தை எவ்வாறு எண்ணி அடைவது என்பது மற்றொன்று. முன்னது தரவின் வகை. பின்னது சுட்டு முறை. கணக்கிலே நேரும் பிழைகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றைப் பாராது விட்டதனால் வருவன.

அணிக்கும் குடிசன மதிப்பீட்டுக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. இலங்கைத் தீவு முழுவதையும் தழுவிய முதலாவது குடிசன மதிப்பீடு 1871ஆம் ஆண்டில் நடைபெற்றது. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆட்சி அலுவலர், வவுனியாவும் முல்லைத்தீவும் அடங்கிய வன்னி மாவட்டங்களைப்பற்றி ஒரு கைந்நூலை வெளியிட்டார். இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில், 1890ஆம் ஆண்டிலே, அமெரிக்க நாட்டின் குடிசன மதிப்பீட்டைத் தொகுப்பதற்கு ஹேர்மன் ஹொலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளை எண்ணும் பொறியைப் பயன்படுத்தினார். மனிதர் ஒருவருக்கு ஓர் அட்டை. அட்டையில் எழுத்தில்லை, துளை எந்த இடத்தில் விழுந்துள்ளதோ அந்த இடமே பொருள். ஒரு துளை ஓரிடம் தள்ளி விழுந்தால் விதவை கன்னியாவாள், கிழவன் குழந்தையாவான். இருக்கை பிழைத்தாற் பொருளும் பிழைக்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஹொலரித் தொடங்கிய நிறுவனம் பிற நிறுவனங்களோடு இணைந்து 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயரைப் பெற்றது. அந்நிறுவனத்திலேதான் ஜோன் பாக்கஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1957இல் ஃபோர்ட்ரான் என்னும் கணினி மொழியை வெளியிட்டனர். அறிவியற் கணக்குகளுக்கென அமைந்த அம்மொழி, அணிகளைக் கணிதநூலார் எழுதுமாறே ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணியது. அஃதாவது வாய்க்கால் முறை. பின்னர் 1967இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் வகுத்த பி.சி.பி.எல். என்னும் மொழியும், அதன் வழித்தோன்றலாக 1970களின் தொடக்கத்தில் டெனிஸ் ரிச்சி வகுத்த ‘சி’ என்னும் மொழியும் மைல்கட்டை முறையைக் கைக்கொண்டன. அணி தொடங்கும் இடத்திலிருந்து எத்தனை கட்டம் கடக்க வேண்டும் என்பதே அவற்றிற் சுட்டெண். ஆகவே முதற் கட்டத்தின் எண் பூச்சியம். 1982இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் ஒல்லாந்த அறிஞர், எண்ணுதல் பூச்சியத்திலிருந்தே தொடங்குதல் தக்கது என்று ஒரு குறிப்பெழுதி அம்முறைக்குத் துணைநின்றார். இன்று பெருவழக்கிலுள்ள பைதன் மொழியும், அதனோடு சேர்ந்து எண்கணக்குச் செய்யும் நம்பை என்னும் நூலகமும் பூச்சியத்திலேயே தொடங்குகின்றன. ஃபோர்ட்ரான், மட்லப் முதலியன ஒன்றிலே தொடங்குகின்றன.

இதனால் வரும் கேடு யாது? வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களையும் ஓர் அணியில் நிறுத்தியுள்ளோம் என்க. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி என்பது வரிசை. மூன்றாம் மாவட்டத்தைத் தருக என்று வாய்க்கால் முறையில் நினைத்து, மைல்கட்டை முறையில் இயங்கும் மொழியிற் கேட்டால், வவுனியாவுக்குப் பதிலாக முல்லைத்தீவு வந்து நிற்கும். பிழை என்று கணினி கூறாது; கேட்டதைக் கொடுத்துவிட்டது. ஐந்தாவதைக் கேட்டாற்றான் அத்தகைய இருக்கை இல்லை என்று பைதன் மறுக்கும். ‘சி’ மொழியோ அதனையும் மறுக்காது அயல் வளவுக்குட் கைநீட்டி, அங்குக் கிடந்த ஏதோ ஓர் எண்ணை எடுத்து வந்து தருதல் கூடும். வெளிப்படையாக மறுக்கும் பிழை நன்மையானது. ஓசையின்றி வேறொன்றைத் தரும் பிழையே அஞ்சத்தக்கது.

ஓசையற்ற பிழைகளில் மற்றொன்று எதிர்ச் சுட்டெண்ணால் வருவது. பைதன் மொழியிற் சுட்டெண்ணாகக் கழித்தல் ஒன்றைக் கொடுத்தால், கடைசிக் கட்டம் என்று பொருள். பின்னிருந்து எண்ணுதற்கு இது வசதியே. ஆனால் பாண்டாஸ் போன்ற நூலகங்களில், பெயரைக் கொடுத்து அதன் இருக்கையைத் தேடும் செயல்களிற் சில, பெயர் கிடைக்காதபோது அதே கழித்தல் ஒன்றைத்தான் விடையாகத் தருகின்றன. லூயிஸின் நூல் முல்லைத்தீவை உரோம எழுத்தில் இரட்டைத் தகரமிட்டு எழுதியது. இன்றைய அரசாங்கப் பட்டியல்கள் ஒற்றைத் தகரமிட்டு எழுதுகின்றன. பழைய எழுத்தைக் கொண்டு புதிய பட்டியலிலே தேடினால் பெயர் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதற்கு அடையாளமாக வந்த கழித்தல் ஒன்றை, ஆராயாது சுட்டெண்ணாக இட்டால், பட்டியலின் கடைசியில் நிற்கும் கிளிநொச்சியின் தொகை முல்லைத்தீவின் பெயரிற் பதிவாகிவிடும். ஓர் எழுத்தின் வேறுபாடு ஒரு மாவட்டத்தின் மக்களை இன்னொரு மாவட்டத்துக்குக் குடிபெயர்த்துவிடுகிறது.

இனித் தரவின் வகைக்கு வருவோம். கணினியின் கட்டம் ஒவ்வொன்றும் அளவுள்ள ஒரு கொள்கலம். பூச்சியமும் ஒன்றுமாகிய குறிகள் பதினாறை ஏற்கும் கட்டத்தில் 65,536 வெவ்வேறு எண்களை மட்டுமே குறிக்கலாம். கழித்தல் எண்களுக்கும் இடம் வைத்தால், அதன் எல்லை கழித்தல் 32,768 முதல் 32,767 வரையாகும். நினைவகம் அருமையாக இருந்த காலத்திற் சிறு கட்டங்களைத் தேர்ந்தெடுப்பது சிக்கனமாகக் கருதப்பட்டது. இன்றும் பெருந்தொகையான தரவுகளைக் கையாளுவோர் அவ்வாறு செய்வதுண்டு. 1981ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, பின்னர்க் கிளிநொச்சி மாவட்டமான பகுதியின் மக்கட்டொகை 91,764. இவ்வெண்ணைப் பதினாறு குறிக் கட்டத்துக்கு வகைமாற்றினால் எஞ்சுவது 26,228. முல்லைத்தீவின் 77,189 என்பது 11,653 ஆகிவிடும். 2012இல் எண்ணப்பட்ட கிளிநொச்சியின் 113,510 பேர், கழித்தல் எண்ணுக்கும் இடமுள்ள கட்டத்திலே, கழித்தல் 17,562 ஆவர். கொத்திலே நெல்லை அளக்கும்போது நிறைந்தது போக மிகுதி நிலத்திற் சிந்தும். அதனைக் கண்ணாற் காணலாம். கணினியிலோ நிறைந்த கொத்து மறைந்து, சிந்திய நெல்மட்டும் அளவாக எஞ்சுகிறது. கழித்தல் எண் வந்தால் நாம் விழித்துக்கொள்வோம். 26,228 என்று வந்தால், ஏற்கத்தக்க எண்ணாகவே தோன்றும், எவரும் ஐயுறார். இத்தகைய பிழையை உணர்த்தாமலே வகைமாற்றத்தைச் செய்து முடிக்கும் இயல்பு நம்பை நூலகத்துக்கும் உண்டு.

பின்னங்களின் நிலையும் இத்தகையதே. ஃபோர்ட்ரானின் தொடக்க விதிப்படி, ஒரு பெயர் உரோம எழுத்துகளில் ‘ஐ’ முதல் ‘என்’ வரையுள்ள ஆறில் ஒன்றால் தொடங்கினால், அது நிறைவெண்ணையே தாங்கும். நெல் என்னும் சொல்லை உரோம எழுத்தில் எழுதினால் ‘என்’ என்னும் எழுத்திலே தொடங்கும். ஆகவே அப்பெயரில் இரண்டே முக்கால் என்னும் விளைச்சலை இட்டால், முக்கால் உதிர்ந்து இரண்டு மட்டும் நிற்கும். நம்பையிலும் நிறைவெண்ணுக்கென அமைந்த அணியின் ஒரு கட்டத்திற் பின்னத்தை இட்டால் இதுவே நிகழும். கணினி அதனைக் கிட்டிய எண்ணாக உயர்த்துவதில்லை, பின்னத்தை அறுத்தெறிகிறது. ஒரு வயலுக்கு இது சிறு குறை. ஆயிரம் வயலுக்குக் கூட்டினால் ஒரு குளத்துக் கமக்காரரின் போகமே கணக்கிலிருந்து நீங்கிவிடும்.

பின்னத்தைத் தாங்கும் கட்டங்களும் குற்றமற்றவையல்ல. நம் முன்னோர் எண்சுவடியிற் பயின்ற பின்னங்களைக் கொண்டே இதனை விளக்கலாம். அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகியவை முறையே இரண்டில், நான்கில், எட்டில், பதினாறில் ஒரு பங்கு. இவை இரண்டினால் மீண்டும் மீண்டும் வகுத்துப் பெற்றவை. கணினியும் இரண்டையே அடியாகக் கொண்டு எண்ணுவது. ஆதலின் இவை அணுவளவும் பிசகாது கட்டத்தில் அமரும். மா என்பது இருபதில் ஒன்று; காணி என்பது எண்பதில் ஒன்று; முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. இவற்றில் ஐந்தென்னும் காரணி கலந்திருப்பதால், இரண்டை அடியாகக் கொண்ட எழுத்தில் இவை முடிவின்றி நீளும். கணினி ஓரிடத்தில் வெட்டிவிடுகிறது. பத்தில் ஒன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துமுறை கூட்டினால், சரியாக ஒன்று வராது; ஒன்றுக்கு மிகச் சிறிது குறைந்ததொரு எண் வரும். ஆதலால் பின்னங்களின் கூட்டுத்தொகை ஒன்றுக்குச் சமமா என்று கணினியை வினவுதல் தகாது. வேறுபாடு மிகச் சிறியதா என்றே வினவுதல் வேண்டும்.

வகையை ஆராயும்போது அலகையும் மறத்தலாகாது. முன்னர்க் கூறிய 155ஆம் கட்டை மைற்கணக்கு. கிலோமீற்றரிற் கூறினால் அது ஏறத்தாழ 249. மைல் என்று குறிக்காது 155 என்று மட்டும் ஒரு கிலோமீற்றர் நிரலிலே எழுதிவிட்டால், அவ்விடம் கிளிநொச்சியை விட்டு அகன்று வவுனியாவுக்கும் தெற்கே போய்விடும். பண்டைய வழக்கில் நிலத்தை விதைப்பாட்டால் அளந்தனர். பத்துப் புசல் விதைப்பு என்பது நிலத்தின் பரப்பு. பத்துப் புசல் நெல் என்பது விளைவின் அளவு. இரண்டிலும் எண் பத்து. இரண்டையும் கூட்டுவது அறிவீனம். கணினியோ எண்ணை மட்டும் காணும். அலகை நாம் கூறினாலன்றி அறியாது.

இனி, இவை எல்லாவற்றினும் பெரியதொரு வினாவுக்கு வருகிறேன். எண்ணே இல்லாத இடத்தில் எதனை எழுதுவது? 1981இன் பின்னர் 1991இல் நடந்திருக்க வேண்டிய குடிசன மதிப்பீடு போர்ச்சூழலால் நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றபோது தீவின் இருபத்தைந்து மாவட்டங்களிற் பதினெட்டு மட்டுமே முழுமையாக எண்ணப்பட்டன. வவுனியாவிலும் மன்னாரிலும் ஒரு பகுதியே எண்ணப்பட்டது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாணமும் எண்ணப்படவே இல்லை. எனவே அட்டவணையில் அவ்வாண்டுக்குரிய கட்டம் வெறுமையாகிறது. அங்கே பூச்சியம் எழுதினால், கிளிநொச்சியில் 1981இல் 91,764 பேர் இருந்து, 2001இல் ஒருவரும் இலராகி, 2012இல் 113,510 பேர் மீண்டும் தோன்றினர் என்று வரைபடம் காட்டும். மூன்றையும் சேர்த்துச் சராசரி கண்டால் 68,425 என வரும். எண்ணப்பட்ட இரண்டை மட்டும் கொண்டால் 102,637. இரண்டுக்கும் இடைப்பட்ட முப்பத்துநாலாயிரம் பேரை அழித்தது போரன்று, பஞ்சமன்று. வெற்றிடத்தில் இட்ட ஒரு வட்டமே அவர்களைக் கணக்கில் இல்லாதவராக்கியது.

நிறைவெண்ணுக்கென அமைந்த கட்டத்திற் பொதுவாக வெறுமையை எழுத வழியில்லை. ஆதலால் முற்காலத்திற் சிலர் பூச்சியத்தையும், சிலர் கழித்தல் 999 போன்ற அடையாள எண்ணையும் இட்டு வந்தனர். அவ்வடையாளத்தை அறியாத பிறர், அதனையும் மெய்யெண் என்று கூட்டினர். 1985இல் வெளியான ஐ.இ.இ.இ. 754 என்னும் பொதுநியமம், பின்ன எண்களுக்கான கட்டத்தில் ‘எண் அன்று’ என்னும் பொருள்படும் ஒரு குறியை வகுத்து இத்துன்பத்தைக் குறைத்தது. அக்குறியோடு எதனைக் கூட்டினாலும் விடையும் ‘எண் அன்று’ என்றே வரும். அது தன்னோடு தானும் சமமாகாது. அறியாமையை அறியாமையாகவே காட்டும் நேர்மை அதற்குண்டு. பாண்டாஸ் நூலகத்தில் நிறைவெண் நிரலொன்றில் வெற்றிடம் புகுந்தால், வழக்கமாக அந்நிரல் முழுவதும் பின்ன வகைக்கு மாறி, 113,510 என்பது புள்ளியிட்டு ஒரு பூச்சியத்தோடு தோன்றும். மக்கட்டொகையிற் புள்ளியைக் கண்டால், எங்கோ ஒரு கட்டம் வெறுமையாக உள்ளது என்று ஊகித்துத் தேடுதல் வேண்டும். 2001ஆம் ஆண்டுக்குச் சில அட்டவணைகளில் உத்தேசத் தொகைகள் தரப்படுகின்றன. உத்தேசமும் எண்ணிக்கையும் ஒரே நிரலில் நின்றாலும் ஒரே இனத்தனவல்ல. இது உத்தேசம் என்று அருகிற் குறித்து வைத்தலே முறை.

மாவட்ட எல்லைகளும் மாறியுள்ளன. 1971இல் வவுனியா மாவட்டத்தின் மக்கள் தொண்ணூற்றையாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர். 1981இலும் வவுனியா மாவட்டத்தின் மக்கள் தொண்ணூற்றையாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவரே. பத்தாண்டில் அங்குப் பிறப்பும் குடியேற்றமும் நின்றுவிட்டனவா? இல்லை. 1978இல் வவுனியாவிலிருந்து பெரும்பகுதியைப் பிரித்து முல்லைத்தீவு மாவட்டம் உருவாக்கப்பட்டது. பெயர் ஒன்றாயினும் நிலம் ஒன்றன்று. அவ்வாறே 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பகுதி கிளிநொச்சி மாவட்டமாயிற்று. 1981இன் பட்டியலில் இரண்டாவதாக மன்னாரும், பின்னைய பட்டியலொன்றில் யாழ்ப்பாணத்துக்கு அடுத்ததாகக் கிளிநொச்சியும் நின்றால், இருக்கையைக் கொண்டு கழிப்பவர் 113,510இலிருந்து மன்னாரின் 106,235ஐக் கழித்து, 7,275 பேர் பெருகினர் என்று எழுதுவர். உண்மையில் மன்னார் 106,235இலிருந்து 99,570 ஆகக் குறைந்தது. கிளிநொச்சியில் 21,746 பேர் கூடினர். ஆகையால் இருக்கை எண்ணை நம்பாது, பெயரோடு பெயரையும் எல்லையோடு எல்லையையும் பொருத்திய பின்னரே கழித்தல் வேண்டும். பெயரைக் கொண்டு நிரைகளைப் பொருத்தும் வசதி பாண்டாஸ் முதலியவற்றில் உண்டு. எல்லை மாறியதை அறிவது மனிதன் கடமை.

நம்பை நூலகத்தில் ஒரு செயலுக்கு வைத்துள்ள பெயர் வானொலி நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும். அதன் பெயர் ஒலிபரப்பு. ஓர் எண்ணை ஓர் அணியோடு கூட்டச் சொன்னால், அவ்வெண் ஒரு நிலையத்திலிருந்து எழும் குரல்போல எல்லாக் கட்டங்களுக்கும் சென்று சேரும். இது பெரிதும் பயன்படுவது. ஆயினும் மூன்று எண்கள் நெடுக்காக நிற்கும் நிரல் ஒன்றிலிருந்து, மூன்று எண்கள் வரிசையாக நிற்கும் எளிய அணியொன்றைக் கழித்தால், ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்கும் ஒலிபரப்பாகி, மூன்று விடை எதிர்பார்த்தவர் முன் ஒன்பது விடைகள் வந்து நிற்கும். அவற்றின் சராசரியை எடுத்துக்கொண்டு மேலே செல்பவர் பிழையை என்றும் காணார். அணியின் வடிவத்தை, அஃதாவது எத்தனை நிரை எத்தனை நிரல் என்பதை, ஒவ்வொரு படியிலும் வினவிக்கொள்ளுதல் இதற்கு மருந்து.

இப்பிழைகளையெல்லாம் கண்டுபிடிக்கப் புதிய கருவி வேண்டுமோ எனின், கச்சேரி எழுதுவினைஞர் பேனாவும் மையும் கொண்டு பணிசெய்த நாளில் கைக்கொண்ட பழைய கருவியே போதுமானது. நெடுக்கே கூட்டிக் குறுக்கே கூட்டி இரண்டும் ஒக்கின்றனவா என்று பார்ப்பதே அது. 1981இல் யாழ்ப்பாணம் 738,788, கிளிநொச்சி 91,764, மன்னார் 106,235, வவுனியா 95,428, முல்லைத்தீவு 77,189. இவற்றைக் கூட்டினால் வடமாகாணத்தின் 1,109,404 வருதல் வேண்டும். 2012இல் அதே வரிசையில் 583,882, 113,510, 99,570, 172,115, 92,238. கூட்டுத்தொகை 1,061,315. கட்டம் சிறிதாகி எண் மடிந்திருந்தாலும், ஒரு மாவட்டம் இருமுறை எடுக்கப்பட்டிருந்தாலும், கடைசி நிரை விடுபட்டிருந்தாலும், இக்கூட்டு ஒவ்வாது. இதனோடு முதற் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் கண்ணாற் பார்த்தல், மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் எடுத்து இவை நடக்கக்கூடியவையா என்று கேட்டல், வெற்றிடங்கள் எத்தனை என்று எண்ணுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால், பிழைகளிற் பெரும்பகுதி ஒளிய இடமின்றி வெளிப்படும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். வன்னியிலே இரு தொகைகளின் கழித்தல் ஒன்று நாடறிந்த வினாவாயிற்று. மன்னார் மறைமாவட்ட ஆயராயிருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின்முன் இரண்டு எண்களை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் கச்சேரிக் கணக்கின்படி 429,059 பேர். 2009 ஜூலையில் அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்திருந்தோர் ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் கணக்கின்படி 282,380 பேர். வேறுபாடு 146,679. இவர்களுக்கு யாது நேர்ந்தது என்பதை விளக்குக என்று அவர் வேண்டினார். கழித்தல் பிழையற்றது. ஆனால் அதன் பொருளைத் தெளிவதற்கு நாம் இதுவரை கேட்ட வினாக்கள் அனைத்தும் வேண்டும். இரு பட்டியல்களும் ஒரே எல்லையைத் தழுவியவையா? இரண்டிலும் எண்ணும் முறை ஒன்றா? ஒன்றிலுள்ள குடும்பம் மற்றதில் எந்த நிரையில் உள்ளது? இல்லையாயின் அது பூச்சியமா, வெற்றிடமா? இவ்வினாக்களைக் காட்டி அத்தொகையை ஒதுக்கிவிடுதலும் நேர்மையன்று. அவற்றைக் கேளாமலே முடிவு கூறுதலும் நேர்மையன்று. பெயரோடு பெயரைப் பொருத்தி ஒவ்வொரு நிரையையும் நிரப்புவதொன்றே விடையாகும். காணாமற்போன மகனுடைய படத்தைக் கையிலேந்தி வீதியோரத்தில் அமர்ந்திருந்த வன்னித் தாய்மார் கேட்டதும் அதுவேயன்றோ? அவர்கள் மொத்தத் தொகையைக் கேட்கவில்லை. தம் மகனுக்குரிய ஒரு கட்டத்தில் யாது எழுதப்பட்டுள்ளது என்றே கேட்டனர்.

2012இலேதான், முப்பத்தோராண்டுக்குப் பின்னர், தீவு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது. 2024இலும் நாடளாவிய குடிசன மதிப்பீடு நடைபெற்றது. வன்னியின் நிரைகளிற் புதிய எண்கள் வந்து அமர்கின்றன. அவற்றைக் கொண்டுதான் பாடசாலைக்கு ஆசிரியரும் மருத்துவமனைக்கு மருந்தும் வயலுக்கு நீரும் பங்கிடப்படும். அப்பங்கீட்டைச் செய்யும் இயந்திரங்கள் மிக விரைவானவை. ஆயினும் இருக்கை மாறியதையும் கொள்கலம் நிரம்பியதையும் வெற்றிடம் பூச்சியமானதையும் அவை தாமாக அறிந்து வருந்துவதில்லை. கணினியைப் பயிலும் நம் இளைஞர்கள், கட்டளையை எழுதுமுன் கட்டத்தை நோக்குதல் வேண்டும். இதனுள் எது அடங்கும், இதனை எங்கிருந்து எண்ணுகிறோம், இங்கு எண் இல்லையாயின் அதனை எவ்வாறு குறிப்போம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையிறுத்த பின்னரே கூட்டலும் கழித்தலும் தொடங்குதல் முறை. எட்டாம் வாய்க்காலையும் 155ஆம் கட்டையையும் மயங்காது சென்றடையும் மக்களின் பிள்ளைகளுக்கு இஃது அரிய கலையன்று.